செயலாளரின் ஆண்டறிக்கை: இளவயது கர்ப்பிணிகளுக்கான பணியும் பாக்கி நிற்கும் சந்தாவும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு விழா நடந்தது. ரத்ததான முகாம் நடந்தது. படிப்பகத்துக்கு அலமாரி வாங்கினோம். செயற்குழு தவறாமல் கூடியது, ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் அதே சிலர்தான்.

மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பெல்லாம் போனது இருபது வயது நிரம்பாத கர்ப்பிணிகளுக்கான பணியில். "இது சுகாதார நிலையம் பார்க்கிற வேலை, நமக்கெதற்கு?" என்று கேட்ட உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. பதினாறு, பதினேழு வயதில் அந்தப் பெண்ணின் உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. சாப்பிடுகிற கொஞ்சத்தில் அவளுடைய வளர்ச்சிக்கும் பங்கு வேண்டும், வயிற்றில் இருப்பதற்கும் வேண்டும். பற்றாமல் போனால் ரத்தசோகை, குறைப்பிரசவம், இரண்டரை கிலோகூட இல்லாத குழந்தை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போகிற ஆபத்தும் 20 முதல் 24 வயதுத் தாய்மார்களைவிட இவர்களுக்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறை பரிசோதனை, அதில் முதலாவது 12 வாரத்துக்குள் என்று அதே நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. நம் பெண்கள் பலர் 12 வாரத்துக்குள் வீட்டிலேயே வாய் திறப்பதில்லை. திறந்தாலும் பஸ் கிடைக்க வேண்டும், கூடவர ஆள் வேண்டும், வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால்தான் ஒரு பெண்ணுக்கு ஒரு துணை என்று ஆரம்பித்தேன். துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கூடப் போக வேண்டும், எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின் எல்லாம் கார்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று செவிலியரிடம் கேட்காமல் திரும்பக் கூடாது. எப்படி ஆனது என்று துருவுவது நம் வேலையில்லை. யாராவது மிரட்டியோ வற்புறுத்தியோ நடந்தது என்று தெரிந்தால் மட்டும் அவளுக்குப் பாதுகாப்பு கிடைக்கச் செவிலியரிடம் தனியாகச் சொல்கிறோம்.

மாத்திரை கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு பெண்ணின் பள்ளிப் பையின் அடியில் இரும்புச் சத்து மாத்திரை அட்டைகள் அப்படியே கிடந்தன, முதல் அட்டையில் மட்டும் இரண்டு குழி காலி. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து பயந்து நிறுத்தியிருக்கிறாள். அது சாதாரணம்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், டீ காபியோடு போடக் கூடாது, கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளி வைக்க வேண்டும். இதை உட்கார்ந்து சொல்ல ஐந்து நிமிடம் ஆகும், அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் ஆள் இல்லை. அப்புறம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை அவளுக்கு வைக்கும் வரை எந்த மாத்திரையும் முழுப்பலன் தராது. மாமியார்களையும் அம்மாக்களையும் உட்கார வைத்துப் பேசியதில் சில வீடுகளில் முட்டையும் பருப்பும் கீரையும் முதலில் அவள் தட்டுக்கு வருகிறது. இந்த ஆண்டு எனக்கு மனநிறைவு தந்தது இதுதான்.

வருத்தத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடக்கக் கூட்டத்தில் கைதூக்கியவர்களில் பாதிப் பேர் அப்புறம் போனை எடுக்கவில்லை. துணைக்கு ஆள் வராததால் பரிசோதனை நாளைத் தவறவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். சந்தாவோ, இரண்டு வருட பாக்கி வைத்திருப்பவர்களே நிறைய. போக்குவரத்துச் செலவைப் பல முறை பொருளாளர் தன் கையிலிருந்துதான் போட்டார்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவு ஏறக்குறைய சமம், கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும், இடம் கொடுத்த பள்ளிக்கும், நன்கொடையாளர்களுக்கும், தலைவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு இதை நடத்த என் ஒருத்தியால் முடியாது. தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ராத்திரியானாலும் வண்டி எடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் வேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், எந்த நாள் என்பதை உங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். பாக்கிச் சந்தாவை இந்த மாதக் கடைசிக்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்