வயதைப் பார்த்து விஸ்கி வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பரிசுப் பொருள்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கைக்கடிகாரத்துக்கும் பேனாவுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கியவர், விஸ்கியை ஒரே வரியில் முடித்துவிட்டார்: வயது கூடக் கூட நல்லது, பெட்டி அழகாக இருந்தால் வாங்கிவிடலாம் என்று. இதை நம்பிப் பெரும் பணம் செலவழித்து, வாங்கிக்கொண்டவருக்குப் பிடிக்காத ஒன்றைக் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விமான நிலையத்தில் டியூட்டி ஃப்ரீ கடையின் மதுப் பிரிவில் பல வருடம் விற்பனையாளராக நின்றவள் நான். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

பரிசுக்கு விஸ்கி வாங்க வருகிறவர்களில் பலருக்குக் குடிப் பழக்கமே கிடையாது. அலமாரி முன்னால் நின்றதும் அவர்களுக்குப் புரிகிற ஒரே விஷயம் பெட்டி மேல் இருக்கும் எண்தான். 12-ஐ விட 15 மேல், 15-ஐ விட 18 மேல் என்று பரீட்சை மார்க் போலப் படிக்கிறார்கள். ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கி, பாட்டிலில் 12 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையது 12 வருடம் ஓக் மரப் பீப்பாயில் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். வயதே போடாத ஸ்காட்சும் சட்டப்படி குறைந்தது 3 வருடம் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். அது எந்தப் பீப்பாய், அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. ருசியைத் தீர்மானிப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. அமெரிக்காவின் போர்பன் விஸ்கியைச் சட்டப்படி உட்புறம் கருக்கிய புத்தம் புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் ஏராளமாக ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. அவற்றில் ஊறியதில் வெனிலா, தேங்காய் மாதிரி ஒரு மென்மை இருக்கும். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயினில் ஊறிய பீப்பாய் என்றால் உலர் திராட்சையும் கிராம்பும் கலந்த வாசம். இரண்டுமே 12 வருடமாக இருக்கலாம். ஒன்று பிடித்தவருக்கு இன்னொன்று பிடிக்காமல் போகலாம். வருடம் கூடினால் மரத்தின் துவர்ப்பும் கூடும். அது எல்லோர் நாக்குக்கும் ஒத்துவராது.

அப்புறம், பீப்பாய் இருக்கும் ஊரின் வெயில். ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும் என்பார்கள். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். வெப்பமான ஊர்களில் அது பல மடங்கு. மரத்தின் சாரமும் வேகமாக இறங்கும். அதனால்தான் தைவானின் கவலான், பெங்களூரின் அம்ருத் மாதிரி விஸ்கிகள் பெரும்பாலும் வயதே போடாமல் வருகின்றன. கவலான் ஆலை 2005-இல்தான் தொடங்கியது. அதன் வின்யோ பாரிக் விஸ்கி 2015-இல் உலக விஸ்கி விருதுகளில் உலகின் சிறந்த சிங்கிள் மால்ட்டாக (முளைகட்டிய பார்லியில் ஒரே ஆலையில் வடித்த விஸ்கி) தேர்வானது. தொடங்கிப் பத்தே வருடம் ஆன ஆலை! வயதுதான் தரம் என்றால் இது நடந்திருக்குமா?

பாட்டிலில் அடைத்த நிமிடத்தோடு விஸ்கிக்கு வயது ஏறுவது நின்றுவிடும் என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும். 12 வருட விஸ்கியை வாங்கிப் பீரோவில் 20 வருடம் பூட்டி வைத்தாலும் அது 12 வருட விஸ்கிதான். ஒயின் மாதிரி படுக்க வைக்கவும் கூடாது. இதில் சாராயச் சத்து அதிகம், கார்க் அரித்துப் பொடியாக உதிரும். வெயில் படாத இடத்தில் நிற்க வைத்தால் போதும்.

வயது வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்ப்பது? ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மாமனார் பணி ஓய்வு பெறுகிறார் என்று வாங்க வந்திருந்தார். காந்த மூடி போட்ட கனமான பெட்டி, உள்ளே வெல்வெட், ஷெர்ரி பீப்பாயில் ஊறிய 18 வருடச் சரக்கு. கையில் எடுத்துவிட்டார்.

"தம்பி, உங்க மாமனார் எப்படிக் குடிப்பார்?"

"தெரியாது மேடம். நல்லதா இருக்கணும், அவ்வளவுதான்."

"வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமே, ஒரு போன் போடுங்க."

போட்டார். மறுமுனையில் அந்தப் பெண் சொன்னது எனக்கும் கேட்டது. அப்பா பாதி கிளாஸுக்கு ஐஸ் போட்டு, மீதிக்குச் சோடா ஊற்றித்தான் குடிப்பாராம். போன தடவை யாரோ கொடுத்த விலை உயர்ந்த பாட்டிலை "ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது" என்று ஒரு வாய்க்கு மேல் தொடவில்லையாம்.

எனக்கு அது போதும். அவர் குடிக்கும் விதத்தில் அந்த 18 வருட விஸ்கியின் நுணுக்கம் எல்லாம் ஐஸிலும் சோடாவிலும் அமுங்கிப்போகும். நான் எடுத்துக் கொடுத்தது ஒரு பிளெண்டட் ஸ்காட்ச், ஒரு லிட்டர். பல ஆலைகளின் மால்ட் விஸ்கியையும் தானிய விஸ்கியையும் கலந்து செய்வது அது. ஜானி வாக்கர், சீவாஸ் ரீகல், பாலன்டைன்ஸ் எல்லாம் இந்த வகைதான். உலகில் விற்கும் ஸ்காட்சில் பெரும்பகுதி இதுதான். சிங்கிள் மால்ட் இல்லையென்றால் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து ஒரே ஆலையில் வடித்தது. அவ்வளவுதான். பெட்டி சின்னதாக இருக்கிறதே என்று அந்தத் தம்பி தயங்கினார். மாமனார் பெட்டியையா குடிக்கப் போகிறார் என்று கேட்டேன். வாங்கிக்கொண்டார்.

அந்த ஆஸ்பத்திரி வாசத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பரிசு விஸ்கி வீணாவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் பல ஆலைகள், முளைகட்டிய பார்லியைப் பீட் எனும் சதுப்பு நில மண்ணை எரித்து, அந்தப் புகையில் காய வைக்கின்றன. புகையில் இருக்கும் பீனால் என்ற வேதிப்பொருள் தானியத்தில் ஏறி, கடைசிவரை கூடவே வரும். பழைய கிருமிநாசினிகளில் இருந்ததும் இதே குடும்பத்துப் பொருள்தான். ஆகவே அந்தப் பெரியவரின் மூக்கு சொன்னது சரி. லஃப்ராய்க், ஆர்ட்பெக், லாகவுலின் ஆகியவை இந்த வகையில் பேர் போனவை. இதற்கு உயிரை விடும் ரசிகர்கள் உண்டு; அவர்களுக்கு அதே ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் செய்யும் மென்மையான விஸ்கியைக் கொடுத்தால் சப்பென்று இருக்கும். அந்தப் புகை வாசம் அவருக்குப் பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய புகை விஸ்கியைப் பரிசாக வாங்காதீர்கள்.

விஸ்கியில் ஊறிப்போனவருக்கு வாங்குவது வேறு விதமான சிக்கல். அவரை அசத்தப் பார்க்க வேண்டாம். அவர் வீட்டு அலமாரியில் எது அடிக்கடி காலியாகிறது என்று பாருங்கள். முழுதாக நிற்கும் பாட்டில் யாரோ கொடுத்த பரிசாக இருக்கும். காலியாவதுதான் அவருடைய ருசி. அதே ஆலையின் இன்னொரு விஸ்கியை வாங்கலாம், அல்லது 50 மில்லி குட்டி பாட்டில்களாக நாலைந்து ஆலைகளைக் கலந்து கொடுக்கலாம். காஸ்க் ஸ்ட்ரெங்த் என்று போட்டது தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்து நேராக அடைத்தது, சாராயச் சத்து பெரும்பாலும் 55 முதல் 60 சதவீதம் இருக்கும். அதில் தண்ணீர் விட்டுக் குடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். ஆலையில் குளிர வைத்து வடிகட்டாத விஸ்கியில் ஐஸ் போட்டால் லேசாகக் கலங்கும். கெட்டுப்போனதோ, போலியோ என்று பயந்து கொட்டியவர்கள் உண்டு. கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நிறத்தை வைத்தும் ஏமாற வேண்டாம். ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, அதனால் கருப்பாக இருப்பது பழையது என்று ஆகாது. டிகேன்டர் எனும், மதுவை ஊற்றி வைக்கும் பட்டை தீட்டிய கண்ணாடிக் குடுவையோடு வரும் செட்டுகளும் அப்படித்தான், பார்க்க அழகு. அந்தக் கண்ணாடி ஈயம் கலந்த கிரிஸ்டலாக இருந்தால், மாதக்கணக்கில் ஊற்றி வைக்கும்போது ஈயம் விஸ்கியில் இறங்கும். ஊற்றிப் பரிமாறலாம், சேமித்து வைக்கக் கூடாது. இதை எந்தப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: அவர் குடிப்பாரா? இன்னும் குடிக்கிறாரா? பழைய நண்பர், நாலு வருடமாகப் பார்க்கவில்லை, அப்போது நன்றாகக் குடிப்பார் என்று சொல்லி வாங்குவார்கள். இடையில் அவர் குடியை விட்டிருக்கலாம், சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கலாம். பாடுபட்டு விட்ட ஒருவர் வீட்டு மேசையில் புது பாட்டிலைக் கொண்டுபோய் வைப்பது கொடுமை. "விட்டுட்டாரு, ஆனா ஒரு பெக்ல என்ன ஆகிடும்" என்று என்னிடமே சொன்னவரை, விற்பது என் வேலையாக இருந்தும், வாசனைத் திரவியப் பிரிவுக்கு அனுப்பினேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வற்புறுத்திக் கொடுக்கிற பொருள் இல்லை இது. சந்தேகம் இருந்தால் வேறு ஏதாவது வாங்குங்கள்.

கடைசியாக, விமானத்தில் எடுத்துப் போகிறவர்களுக்கு. சாராயச் சத்து 24 முதல் 70 சதவீதம் வரை உள்ள மதுவை ஒருவர் மொத்தம் 5 லிட்டர் கொண்டுபோகலாம், கடையில் வாங்கிய மூடி பிரிக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். 70-க்கு மேல் இருந்தால் பயணப் பெட்டியிலும் கூடாது, கையிலும் கூடாது. போய் இறங்கும் நாட்டில் சுங்கம் எத்தனை பாட்டிலை விடும் என்பது தனி, அதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். நடுவில் விமானம் மாறுகிறவர்கள், கடையில் முத்திரையிட்டுத் தரும் பையை ரசீதோடு அப்படியே வைத்திருங்கள். பெட்டி அழகாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் பையைப் பிரித்துவிட்டு, அடுத்த பாதுகாப்புச் சோதனையில் பாட்டிலைப் பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடு விமான நிலையத்தில் பயணப் பெட்டியைக் கையில் வாங்கி மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால், பாட்டிலைத் துணிக்கு நடுவில் சுற்றி அதற்குள் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி