ஆடிப்பெருக்குக்குள் கூரை போட்டாக வேண்டும்: தந்தையர் கூடத்துக்கு உதவுங்கள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பெங்களூர், திருப்பூர் பக்கம் வேலையில் இருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். ஆடி 18க்கு எல்லாரும் ஊருக்கு வருவீர்கள். அன்றைக்கே அங்கன்வாடிக்குப் பின்னால் கட்டும் தந்தையர் கூடத்தை, அதாவது அப்பாக்கள் கூடிப் பிள்ளைகளைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசும் இடத்தை, திறந்துவிடலாம் என்று சொல்லியிருந்தோம். சுவர் எழும்பி நிற்கிறது, கூரைக்குப் பணம் இல்லை.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் முதலில் தொடங்கியது இங்கேதான். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போன நம் ஊர் அம்மாக்கள் இன்றைக்கு வங்கியில் மேலாளர் எதிரில் உட்கார்ந்து கணக்குப் பேசுகிறார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு இடம் வேண்டும் என்று நமக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

குழந்தை எடை குறைந்தாலும், பெண் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றாலும் அதை விசாரிக்கும் பணியாளர் வார நாளில் காலை 11 மணிக்கு வீட்டுக்கு வருவார், அப்பா அப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார், எல்லாம் அம்மா தலையில்தான் விழும். அப்பாவைப் பற்றி அந்தப் பணியாளரின் நோட்டில் இருப்பது 'குடிப்பார்' என்ற ஒரே சொல். ஆனால் மகளுக்கு 18 ஆகும் முன்பே மாப்பிள்ளை பார்க்கலாமா என்பதை முடிவு செய்வது அந்த அப்பாதானே? அவரிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

அதனால் போன வருடம் ஞாயிறுதோறும் அப்பாக்களை அழைத்துப் புளியமரத்தடியில் கூடினோம். முதல் வாரம் 4 பேர். மகள் எந்த வகுப்பு என்று கேட்டபோது பதில் தெரியாமல் தலைகுனிந்த ஒருவர், இப்போது லீவு போட்டுவிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிறார். அடி உதை இருக்கும் வீடென்றால் மனைவியிடம் முதலில் தனியாகப் பேசி, அவருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் கணவரை அழைக்க வேண்டும். அதற்குச் சமூகப் பணி படித்த பணியாளர் ஒருவர் கட்டாயம் தேவை.

கூரைத் தகடும் கூலியும் 1,35,000 ரூபாய். கழிவறை 60,000. அந்தச் சமூகப் பணியாளருக்கு மாதம் 12,000 என்று ஒரு வருடத்துக்கு 1,44,000. மொத்தம் 3,39,000. வந்தது 2,11,500. குறைவது 1,27,500.

இடம் கொடுத்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கும், ஒரு நாள் கூலியை அப்படியே அனுப்பிய சென்ட்ரிங் தம்பிகளுக்கும், வாராவாரம் காசு வாங்காமல் டீ கொடுத்த கடைக்காரர் அண்ணனுக்கும், சந்தாவில் மிச்சம் பிடித்துக் கொடுத்த மகளிர் குழு அம்மாக்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம், மாரியம்மா உங்கள் குடும்பங்களைக் காப்பாற்றட்டும்.

ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வந்த பணத்தில் பாதிக்கு மேல் பெண்கள் கொடுத்தது. அப்பாக்களுக்கான கூடம் இது. திருவிழா வாணவேடிக்கைக்குக் கேட்காமலே கொடுத்த கைகள் இதற்கு ஏன் தயங்குகின்றன?

100 ரூபாயானாலும் சரி, ஆனி முடிவதற்குள் கொடுங்கள். ஞாயிறு மாலை புளியமரத்தடியில் இருப்போம், ரசீது கையோடு தருகிறோம்.