கொத்தலகிம்புட்டுக் குவளையும் என் குளிசையும்

அன்பின் மச்சான்,

உன் மெசேஜ் வந்து நாலு நாளாகிறது. சீனி வருத்தத்துக்குப் பட்டிப்பூ (நித்தியகல்யாணி) இலையை அவித்துக் குடிப்பதாக எழுதியிருந்தாய். உடனே பதில் போட்டிருக்க வேணும், ஆனால் நானே இங்கே ஒரு கூத்து ஆடி முடித்திருந்தேன், வெட்கத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.

மருமகன் கண்டிப் பக்கம் போய் வரும்போது ஒரு கொத்தலகிம்புட்டுக் குவளை வாங்கி வந்தார். கொத்தலகிம்புட்டு சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற ஒரு மூலிகைக் கொடி, அதன் கட்டையைக் கடைந்து செய்த குவளை. இரவில் தண்ணி ஊற்றி வைத்தால் விடிய வெறுந்தேத்தண்ணி நிறத்தில் நிற்கும், லேசாய்த் துவர்க்கும். பத்து நாள் குடித்தேன். என் சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் தந்த மெட்போமின், கிளிக்ளசைட் குளிசை இரண்டையும் விடவில்லை, டாக்டரிடம் வாயும் திறக்கவில்லை. ஒரு நாள் காலையில் கல்லடிப் பாலத்தில் சைக்கிளில் வருகிறேன், கை நடுங்குது, நெற்றியெல்லாம் வேர்க்குது, வாவி இரண்டாய்த் தெரியுது. கம்பியைப் பிடித்தபடி குந்திவிட்டேன். மீன் கொண்டுபோன ஒரு தம்பி ஓடிப்போய்ச் சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ வாங்கி வந்து தந்தான், அதைக் குடித்தும் நடுக்கம் போகக் கனநேரம் எடுத்தது.

டாக்டர் ஏசிவிட்டுத்தான் விளக்கம் சொன்னார். அந்தக் கொடியில் சலசினோல் என்றொரு பொருள் இருக்காம், 1997 இல் ஜப்பான்காரர் பிரித்தெடுத்தது. மாச்சத்தையும் சீனியையும் உடைக்கிற குடல் நொதியை அது மறிக்கும், அதனால் சோற்றுச் சீனி ரத்தத்தில் மெதுவாய் ஏறும். நல்ல விஷயம்தான். ஆனால் கிளிக்ளசைட் மறுபக்கம் கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்குது, இரண்டும் சேர்ந்தால் சீனி இறங்கிப் போகலாம். இறங்கின பிறகு தேத்தண்ணிச் சீனியும் அதே நொதி உடைத்தால்தானே ஏறும்! குளுக்கோஸ் தூள் என்றால் உடைக்கத் தேவையில்லை, நேரே ஏறும். இப்போது சட்டைப் பையில் ஒரு பக்கெட் எப்போதும் கிடக்கு.

மூலிகைதானே, இங்கிலிசு மருந்து மாதிரி ஒன்றும் செய்யாது என்பாய். மச்சான், மெட்போமினுக்கே மூலம் ஒரு பச்சிலைதான். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி, அதிலிருக்கிற கலேஜின் சீனியைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அந்த வழியில் செய்து பார்த்ததில் வந்ததுதான் மெட்போமின், 1957 இல் பிரான்சில் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் அது சீனி நோயாளருக்கு உதவுவதை எழுதினார். என் குளிசை அட்டையில் 500 மில்லிகிராம் என்று இருக்கு. குவளையில் அளவு ஒன்றும் இல்லை, ஒரு யானைதான் செதுக்கியிருக்கு.

உன் பட்டிப்பூக் கதை இன்னும் மோசம், அதுவும் கனடாவில் நீ இருக்கிற ஒன்டாரியோவிலேயே நடந்தது. சீனிக்கு ஆகும் என்று ஜமேக்காவில் குடித்த இலையை 1950களில் நோபிள், பியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சீனி குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் குறைந்து போயின. அதைத் துருவிப் போய்த்தான் புற்றுநோய்க்குப் போடுகிற வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதை மருத்துவமனையில் ரத்தம் சோதித்துச் சோதித்து ஏற்றுவார்கள், நீ கேத்திலில் கொதிக்க வைக்கிறாய்! இன்றைக்கே நிற்பாட்டு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இதையும் சொல்லு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு.

குவளை இப்போது மகளின் மேசையில், பேனை போட்டு வைத்திருக்கிறாள்.

உன் பழைய சிநேகிதன்,
மட்டக்களப்பிலிருந்து