ஊர்க் கதையை உங்கள் வீட்டில் கேட்டு எழுதப் போகிறோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வேலையைத் தொடங்குகிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தின் கதையை அவர்களே வீடு வீடாகக் கேட்டு, அவர்களே எழுதி, கையெழுத்துப் புத்தகமாகப் பள்ளி நூலகத்தில் வைக்கப் போகிறார்கள். உங்கள் உதவி இல்லாமல் இது நடக்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரைப் பற்றி அச்சில் ஏறிய செய்திகளுக்குக் குறைவில்லை. கள்ளபிரான் கோயில் நவதிருப்பதிகளில் ஒன்று, கைலாசநாதர் கோயில் நவகைலாயங்களில் ஒன்று. குமரகுருபரர் பிறந்த ஊர் இது. ஐந்து வயது வரை பேசாதிருந்த பிள்ளை திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடிய கதையைச் சொல்லாத வீடு இங்கே இருக்காது. வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைத்துவிடும். கிடைக்காதது நிறைய இருக்கிறது.

தாமிரபரணிக்குக் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது நம்முடையது. மற்ற ஏழும் பழைய அரசர்கள் காலத்தவை. இது மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டியது. வடகால், தென்கால் வாய்க்கால்கள் இங்கே பிரிகின்றன. மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிச்சத் தண்ணீரில்தான் நம் நெல்லும் வாழையும் விளைகின்றன. இதை வகுப்பில் சொல்லிவிட்டு, நெல் போகங்களான காருக்கும் பிசானத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கும் அந்த வகுப்பில் மூன்று நான்கு கைகள்தான் உயர்ந்தன. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நாம் சொல்லித் தரவில்லை. தண்ணீர் குறைந்த வருஷம் எந்த வயலுக்கு முதலில் பாய்ந்தது, முறை வைத்தது யார், சண்டை வந்தால் எங்கே உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டுத் தாத்தாக்களுக்குத்தான் தெரியும்.

ஆதிச்சநல்லூரை நினைத்துப் பாருங்கள். பழங்கால மக்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். ஆற்றுக்குத் தெற்கே, கூப்பிடு தூரம். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. தோண்டிய இடத்திலேயே தாழிகளைப் பார்க்கும் வசதி 2023இல்தான் நமக்கு வந்தது. பக்கத்து ஊர்ப் பொருளைப் பார்க்க இத்தனை காலம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

அப்புறம், 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள். அவர்களை மீட்கும்வரை சோறு போட்டவர்கள் புதுக்குடி ஊர்க்காரர்கள். தங்கள் வீடுகளைச் சுற்றியும் வெள்ளம் நின்ற நேரம் அது. நாடே இதைச் செய்தியில் பார்த்தது. ஆனால் அந்த அரிசி யார் யார் வீட்டுக் குலுக்கையிலிருந்து வந்தது, நனையாத விறகுக்கு என்ன செய்தார்கள், பச்சைப் பிள்ளைக்காரிகளுக்குப் பால் எங்கே கிடைத்தது என்பதையெல்லாம் யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. பொங்கியவர்களும் தூக்கிச் சுமந்தவர்களும் நம் பிள்ளைகளின் சித்தப்பாவாக, அத்தையாக, ஆச்சியாக இங்கேயே இருக்கிறார்கள். புத்தகத்தின் முதல் பாகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். ஐம்பது வருஷம் கழித்துப் படிக்கிறவர்களுக்கு, ஊர் என்றால் என்ன செய்யும் என்பது இதில் தெரியும்.

உங்களிடம் கேட்பது இதுதான். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் நான்கைந்து பேராக, ஓர் ஆசிரியரோடு வீட்டுக்கு வருவார்கள். பெரியவர்களை அரை மணி நேரம் பேச விடுங்கள். நடுவில் மறித்து, "அதெல்லாம் இப்போ எதுக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். வெள்ளத்தில் தப்பிய பழைய போட்டோ, பத்திரம், கல்யாணப் பத்திரிகை எது இருந்தாலும் காட்டுங்கள். வீட்டிலேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்வோம், எதையும் பள்ளிக்குக் கொண்டுபோக மாட்டோம். வெளியே சொல்ல வேண்டாம் என்று நீங்கள் சொல்வதை எழுதவும் மாட்டோம். வேறு ஊரிலிருந்து இங்கே குடிவந்தவர்களும் தயங்க வேண்டாம். நீங்கள் வந்த கதையும் இந்த ஊர்க் கதைதான்.

ஒரு நாள் அணைக்கட்டுக்கும் படித்துறைக்கும் கூட்டிப் போவோம். அன்று ஆற்றில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. அமலைச் செடி மண்டிக் கிடக்கும் இடங்களில் ஆழம் தெரியாது என்பதை நீங்களும் வீட்டில் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். இத்துடன் உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு, வீட்டில் பேசக்கூடிய பெரியவரின் பெயரையும் எந்த நேரம் வந்தால் தோது என்பதையும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்