நீ கேட்ட சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டும் பிரித்தாயிற்று. தம்பி வந்துபோனான். மற்றபடி சேதி ஒன்றுமில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய்: "அப்பா, இன்டெக்ரிட்டிக்குத் தமிழில் என்ன?" காலையில் பார்த்துவிட்டு "எந்த இடத்தில் வருகிறது?" என்று கேட்டேன். மொழிபெயர்ப்பவன் முதலில் அதைத்தான் கேட்பான், பழக்கதோஷம். அப்புறம் உன்னிடமிருந்து பேச்சே இல்லை. வேலை இருக்கும். சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேறு எதையும் கேட்கப்போவதில்லை.

லத்தீனில் 'டாங்கெரே' என்றால் தொடுவது. முன்னால் 'இன்' என்று ஒரு மறுப்பு சேர்ந்து 'இன்டெகர்' ஆகிறது. யாரும் தொடாதது, அதனால் குறையாதது, முழுசாக இருப்பது. கணக்கில் முழு எண்ணை இன்டிஜர் என்கிறீர்களே, அதே சொல்தான். 'என்டயர்' அதன் கூடப்பிறந்தது, பிரெஞ்சுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது. 'கான்டாக்ட்', தொற்றைச் சொல்லும் 'கான்டேஜியன்' எல்லாம் அந்தத் தொடுகிற வேரில் முளைத்தவை. நாமும் ஒருவன் திருடினால் "பணத்தில் கை வைத்துவிட்டான்" என்றுதானே சொல்கிறோம்?

மனிதர்களையும் ரோமானியர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஹொராஸின் கவிதை ஒன்று 'இன்டெகர் விட்டே' என்று தொடங்கும்: வாழ்க்கையில் பழுதில்லாதவன். ஆனால் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இன்டெக்ரிட்டிக்கு முழுமை, சேதமின்மை, களங்கமின்மை என்றெல்லாம் பொருள். நேர்மை என்ற பொருளில் அங்கே புழங்க 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. நாட்டு எல்லைக்கும் இதே சொல்தான். 1945ஆம் வருஷத்து ஐ.நா. சாசனத்தின் இரண்டாம் பிரிவில் அப்படித்தான் வருகிறது, அதை ஒருமைப்பாடு என்று பெயர்ப்போம். குழாயையும் தொட்டியையும் சோதிக்கிற உன் வேலையில், அவை சேதமில்லாமல் இருப்பதைச் சொல்கிற சொல் அது. அங்கே உறுதி என்று போடலாம். நேர்மை என்று போட்டால் சிரிப்பார்கள்.

ஆனாலும் நீ அந்த ராத்திரியில் கேட்டது குழாயைப் பற்றி இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஒருமுறை நீ செய்து காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? வெல்டிங் போட்ட ஒரு துண்டு இரும்பு. தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அதன்மேல் சிவப்புச் சாயம் தடவி, காத்திருந்து, துணியால் சுத்தமாகத் துடைத்தாய். வெள்ளையாக எதையோ அடித்தாய். கொஞ்ச நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத விரிசலிலிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு தானாகக் கசிந்து வந்தது. "பாத்தீங்களாப்பா, உள்ள போனது வெளிய வந்தாகணும்" என்றாய். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

உன் ரிப்போர்ட் மூன்று தடவை திரும்பி வந்தது என்று தம்பி சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். எங்களிடம் சொல்ல வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றவில்லை? சின்ன வயதில் பென்சில் தொலைந்தால்கூட ஓடிவந்து சொல்வாய். போகட்டும். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. நேரத்துக்குத் தூங்கு.

தமிழில் என்ன என்றுதானே கேட்டாய். அகராதிகள் நேர்மை என்று சொல்லும். தப்பில்லை, நேராக இருப்பது. எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுவது சால்பு. சால் என்றால் நிறைதல். 'சாலச் சிறந்தது' என்கிறோமே, அந்தச் சால. நிறைந்தவர்தான் சான்றோர். லத்தீன்காரன் குறையாததிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு நம் ஆள் நிறைந்ததிலிருந்து போய்ச் சேர்ந்திருக்கிறான். சால்பை உரைத்துப் பார்க்கிற கல் எது என்று வள்ளுவர் கேட்டுவிட்டு, தனக்குச் சமமில்லாதவரிடமும் தோல்வியை ஒத்துக்கொள்வது என்கிறார். அதைப் பல வருஷம் புரியாமலே மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

பேச்சுவழக்கில் நாணயம். காசுக்கும் அதுதான் பெயர், குணத்துக்கும் அதுதான் பெயர். வெள்ளிக் காசு புழங்கிய காலத்தில் ஓரத்தை நைசாகச் சுரண்டி எடுத்துக்கொள்வார்கள். முகம் அப்படியே இருக்கும், எழுத்தும் இருக்கும், எடை மட்டும் இருக்காது. அதைத் தடுக்கத்தான் ஓரத்தில் வரி போட்டது, எழுத்துப் பொறித்தது எல்லாம். 1662 முதல் இங்கிலாந்தின் பெரிய வெள்ளிக் காசுகளின் விளிம்பில் லத்தீனில் 'அழகும் காவலும்' என்று அடித்தார்கள்.

ஓரம் சுரண்டுவது பற்றி எனக்குத் தெரியும், பாப்பா.

நான் வேலையை விட்ட கதை உனக்குத் தெரியும். பொய்யான பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்து அப்பா எழுந்து வந்துவிட்டார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லிப் பரிசு வாங்கினாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

நான் மறுக்கவில்லை. போட்டேன்.

ஒரு விபத்து விசாரணைக் கோப்பு, அறுபத்து மூன்று பக்கம். எல்லாவற்றையும் பெயர்த்துக் கொடுத்தேன். மறுநாள் அது என் மேஜைக்குத் திரும்பி வந்தபோது நாற்பதாம் பக்கத்துக்கு அடுத்து நாற்பத்து மூன்று இருந்தது. நடுவில் இருந்த இரண்டு பக்கமும், இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று அடிபட்டவர் சொன்ன வாக்குமூலம். "பக்க எண்ணை மட்டும் சரி பண்ணிடுங்க, சார்" என்றார் மேலாளர். சரி பண்ணினேன். கடைசியில் 'இது முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு' என்று நானே தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டேன். மீதி இருந்த பக்கங்களில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அதை வைத்துத்தான் பல வருஷம் தூங்கினேன். 'முழுமையான' என்ற சொல்லை மட்டும் எட்டிப் பார்க்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து வேலையை விட்டேன். மறுத்து விடவில்லை, அந்த மேஜையில் உட்கார முடியாமல் விட்டேன். பெரியத்தை கேட்டபோது கதையைக் கொஞ்சம் திருப்பிச் சொன்னேன். அவர் எல்லாரிடமும் சொன்னார். பிறகு அதுவே என் கதையாகிவிட்டது. அம்மாவுக்கு உண்மை தெரியும். அந்தப் போட்டி அன்றைக்கு அவள் வராததற்குத் தலைவலி காரணமில்லை.

அடிபட்டவருக்கு என்ன கிடைத்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ரோமானியச் சட்டத்தில் 'இன் இன்டெக்ரம்' மீட்பு என்று ஒன்று உண்டு. மிரட்டியோ ஏமாற்றியோ நடந்த காரியத்தை ரத்து செய்து பழையபடி முழுசாக்குவது. என்னை யாரும் மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

உன் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் வேலை இருந்தாலும் போயிருந்தாலும் நீ போன் பண்ணலாம். அப்பா அப்படி நடந்திருக்க மாட்டாரே என்று நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறாய் என்றால், மேலே எழுதியதை இன்னொரு தடவை படி.

தூக்கம் முக்கியம். கையெழுத்து விஷயம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். நான் இப்போதெல்லாம் ஒரு மணி வரை விழித்துத்தான் இருக்கிறேன். போன் தலைமாட்டிலேயே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா