நாட்குறிப்பேட்டில் தமிழுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர்ப் பள்ளிகள் தம் சின்னத்துடன் அச்சிட்டுத் தரும் மாணவர் நாட்குறிப்பேடு, 10 வாரத் தவணைகள் நான்கையும் ஒற்றை வாரம், இரட்டை வாரம் என மாறும் கால அட்டவணையையும் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்படுவது பாராட்டத்தக்கது. ஆயினும், உயர்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் பயிலும் என் மகளின் ஏட்டில் வீட்டுப்பாடக் கட்டம் இரு விரல் அகலமே இருப்பதால், ‘கட்டுரைத் திருத்தம்’ என்பது ‘கட். திரு.’ ஆகிவிடுகிறது. (பெற்றோர் கையொப்பத்திற்கோ தாராளமான இடம்!) தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதை வடிவமைப்பாளர்கள் கருத்தில் கொண்டு, ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவையும் நாட்காட்டியில் குறித்து, மாதிரிப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டலாம். ஜனவரியில் ஏடு மாணவர் கைக்கு வரவேண்டுமாதலால், ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை, ஈசூன்