சாம்ரோங்கில் வீடு பார்த்திருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா எழுதிக்கொள்வது. மருமகளும் பேத்தியும் வரப்போவதால், பாங்காக் சிலோமில் நீ தனியாக இருந்த அறையைக் காலி செய்துவிட்டு, சாம்ரோங் ரயில் நிலையத்துக்கு அருகில் வீடு பார்த்திருப்பதாக நீ சொன்னது எங்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் இந்தக் கடிதத்தை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடு. வாப்பா பாங்காக் மகேசக் தெருவில் ரத்தினக்கல் வியாபாரம் பார்த்த காலம் முழுவதும் வீட்டுக் காகிதங்களையும் விசாக் காகிதங்களையும் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான்தான். இதைப் பற்றி வாப்பாவிடம் கேட்டால் "எல்லாம் ஆகிவிடும்" என்றுதான் சொல்வார்கள்.

நம் ஊரில் மாப்பிள்ளைகள் பெண் வீட்டுக்குக் குடிபோகிறார்கள். யாரும் யாருக்கும் அறிவிப்புக் கொடுப்பதில்லை. மறுநாள் காலைக்குள் ஊரே அறிந்துவிடும். தாய்லாந்தில் அப்படியில்லை. அவர்களுடைய 2522ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்த வீட்டின் உரிமையாளரோ பொறுப்பாளரோ இமிகிரேஷனுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. 2522 என்பது புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 1979. அந்த அறிவிப்புப் படிவத்தைத்தான் அங்கே எல்லோரும் "தோ மோ சாம் சிப்" என்கிறார்கள், நம்மவர்கள் டி.எம். 30 என்கிறார்கள். இடம் மாறினால் தானே 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமையை 37ஆம் பிரிவு வெளிநாட்டவர் மீதும் வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் அதிகாரி கேட்பது அந்த டி.எம். 30 ரசீதைத்தான்.

இதில் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கடமை வீட்டுக்காரருடையது, அவஸ்தை குடியிருப்பவனுடையது என்பதே. வீட்டுக்காரர் அறிவிக்கத் தவறினால் சட்டப்படி அபராதம் அவருக்குத்தான், தனி வீட்டுக்கு அதிகபட்சம் 2,000 பாட். ஆனால் விசா நீட்டிப்புக்காக வரிசையில் நிற்பது அவர் இல்லையே, நீதானே. 2019இல் இந்த விதியில் கெடுபிடி கூடியிருந்த சமயத்தில், நாங்கள் சரோன் க்ருங் பக்கம் வீடு மாறினோம். வீட்டுக்காரம்மா நல்லவர்தான், ஆனால் இந்த அறிவிப்பெல்லாம் ஹோட்டல்காரர்களுக்கு மட்டும்தான் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அவரை வற்புறுத்தக் கூச்சம். இரண்டு மாதம் கழித்து விசா நீட்டிப்புக்குப் போனபோது, ரசீது இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பணம் தரமாட்டேன் என்றார். 1,600 பாட் நாங்களே கட்டினோம். பணம் போனது பெரிதில்லை; விசா முடிய மூன்று நாளே இருந்த நிலையில் அன்று பகல் முழுவதும் நான் பட்ட பதற்றம் உனக்கு வேண்டாம்.

ஆகவே முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேள், கொடுத்த பிறகு கேட்காதே. தோ மோ சாம் சிப் செய்து தருவீர்களா, எந்த நாளில், நேரிலா, இணையத்திலா என்று கேள். இணையத்தில் செய்வதாக இருந்தால் வீட்டுக்காரர் முதலில் அதில் பதிந்து ஒப்புதல் பெற வேண்டும், அதற்கு நாளாகலாம். நீ சாமான்களை ஏற்றும் நாளில் ஆரம்பித்தால் 24 மணி நேரத்தில் முடியாது. உன்னையே போகச் சொன்னால் மறுக்காதே, அதுதான் நிச்சயமான வழி. வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டின் தபியன் பான் (வீட்டுப் பதிவுப் புத்தகம்) நகல், வாடகை ஒப்பந்தம், 10 பாட் முத்திரை வில்லை ஒட்டிய அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அவரிடம் வாங்கிக்கொள். நகல் ஒவ்வொன்றிலும் அவர் "உண்மை நகல்" என்று தாய் மொழியில் எழுதி, நீல மையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டாலும் திரும்ப வரவேண்டியிருக்கும். உன் பக்கத்தில் கடவுச்சீட்டின் படப் பக்கம், விசாப் பக்கம், கடைசியாக உள்ளே வந்த முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் நகல்கள் போதும். மருமகளும் பேத்தியும் வந்து சேர்ந்த அன்று அவர்களுக்கும் இதே அறிவிப்பு வேண்டும். உன் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே, பச்சைக் குழந்தைதானே என்று விட்டுவிடாதே.

இன்னொன்றை நீ யோசித்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். சாம்ரோங், பாங்காக் இல்லை. ரயில் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது, அஞ்சல் எண்ணும் 10 என்றுதான் தொடங்குகிறது, ஆனால் பேரிங் நிலையத்தைத் தாண்டியதும் சமுத் பிராகான் மாகாணம் வந்துவிடுகிறது. பாங்காக்கின் இமிகிரேஷன் அலுவலகம் இருக்கும் சங் வத்தனாவில் போய் நின்றால், உன் மாகாண அலுவலகத்துக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள். பாதி நாள் வீண். முகவரி எழுதும் முறையும் மாறுகிறது. பாங்காக்கில் உள்வட்டத்தை க்வேங், வட்டத்தை கேத் என்பார்கள்; மாகாணங்களில் அவையே தம்போன், அம்போ. சிலோமில் க்வேங் சிலோம், கேத் பாங் ராக், 10500 என்று எழுதினாய். இனி தம்போன் சாம்ரோங் நுவே, அம்போ மியாங் சமுத் பிராகான், 10270 என்று எழுத வேண்டும். தபியன் பானில் மூ (கிராம) எண் இருந்தால் அதையும் விடக்கூடாது. வீட்டு எண்ணில் வரும் சாய்கோட்டைத் தவறவிடாதே, 99/21ம் 992/1ம் வேறு வேறு வீடுகள். தபியன் பானில் உள்ளது உள்ளபடியே, தாய் எழுத்தில், எல்லாப் படிவத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

நாட்டில் தொடர்ந்து தங்கும் வெளிநாட்டவர் 90 நாளுக்கு ஒரு முறை தன் முகவரியைத் தெரிவிக்கும் 90 நாள் அறிவிப்பு தனி. அதற்கு டி.எம். 47 படிவம், கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் கொடுக்கலாம், தாண்டினால் 2,000 பாட் அபராதம். வீடு மாறியதை அறிவித்துவிட்டதால் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும் என்று உன் நண்பர் சொன்னது தவறு. நாட்டைவிட்டு வெளியே போய் வந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். புது முகவரியில் முதல் அறிவிப்பையாவது நேரில் போய்க் கொடு. முகவரி அவர்களுடைய கணினியில் மாறியிருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் மறுபடி டி.எம். 30 கொடுக்க வேண்டியிருந்தது எங்கள் காலத்தில். 2020இல் அதைத் தளர்த்தி, மறுநுழைவு அனுமதியோடு போய் அதே வீட்டுக்குத் திரும்பினால் வேண்டாம் என்று ஆக்கினார்கள். இருந்தாலும் ரசீதைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள், ஒரு நகலைக் கைபேசியிலும் வை. கம்பெனியில் விசா வேலை பார்ப்பவருக்கும் வங்கிக்கும் புது முகவரியைச் சொல்லிவிடு. வெளிநாட்டவருக்குத் தரும் மஞ்சள் தபியன் பான் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வாடகை வீட்டில் அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம், சாட்சிகள், மொழிபெயர்த்துச் சான்று பெற்ற கடவுச்சீட்டு எல்லாம் வேண்டும், இப்போது அவசரமில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கு இமிகிரேஷன் தரும் வசிப்பிடச் சான்றே போதும், அதையும் இந்த ரசீதைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

வாரக் கடைசியில் குடிபோகாதே, திங்கட்கிழமை காலையில் போ, அலுவலகம் திறந்திருக்கும். எல்லாம் முடிந்ததும் புது முகவரியைத் தாய் எழுத்தில் எழுதி, உன் கைபேசி எண்ணோடு படம் எடுத்து அனுப்பு. மாசிக் கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறேன். பழைய முகவரி எழுதிய பொட்டலத்தின் மீது எதை ஒட்டுவதென்று வாப்பா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் உம்மா
காயல்பட்டினம்